சித்திரம் கேள்வி பதில்: மலையும் வாவியும் கீறப் போறவங்களுக்கு

இந்த முறை வந்த கடிதமும் வொயிஸ் மெசேஜும் அரைவாசிக்கு மேல ஒரே விஷயம்தான், வெளியில போய் இருந்து இயற்கைக் காட்சி கீறுறது. ஆகஸ்ட் லீவு வருகுது, ஆக்கள் வேன் பிடிச்சு மலைப்பக்கம் வெளிக்கிடுற நேரம், அதாலதான் இருக்கும். எனக்கு சரியான சந்தோசம். நான் சித்திரம் படிப்பிச்ச காலத்துல கனக்கப் பிள்ளைகள் வகுப்புக்குள்ள இருந்து காலண்டரப் பார்த்துத்தான் மலையும் ஆறும் கீறினதுகள், ரெண்டு முக்கோண மலை, நடுவுல அரைச் சூரியன், பக்கத்துல ஒரு தென்னை, எல்லாக் கொப்பியிலயும் அதே படம். இப்ப நீங்க நேரில போய் இருந்து கீறப் போறம் எண்டு கேட்கிறீங்க. அதனால மற்றக் கேள்வியெல்லாத்தையும் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதையே எடுக்கிறன்.

கேள்வி: சேர், நாங்க நாலு டீச்சர்மார் சேர்ந்து ஆகஸ்டில மலைநாட்டுக்குப் போறம். நுவரெலியா, கிரகரி வாவி, ஹோட்டன் சமவெளி, எல்ல, பண்டாரவளை, எல்லாத்தையும் நாலு நாளைக்குள்ள பார்த்து ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வோட்டர் கலர் செய்யிறது எண்டு பிளான். சரி வருமா? என்னென்ன கொண்டு போகணும்?
வாசகி, செங்கலடி

பதில்: மகள், முதல்ல காத்தப் பாருங்க. இங்க கச்சான் அடிக்கிற நாள்ல அங்க என்ன நடக்குது தெரியுமா? தென்மேற்கால வாற காத்து தன்ட ஈரத்தையெல்லாம் மலையிட அந்தப் பக்கம், ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையாக் கொட்டிப்போட்டு, மலையத் தாண்டி இறங்கக்குள்ள காஞ்சு சூடாகித்தான் கிழக்குக் கரையில நம்மட பக்கம் வருது, அதுதான் நம்ம உதட்ட வெடிக்க வைக்கிற கச்சான். அப்ப ஆகஸ்டில மேற்குச் சரிவுல நீங்க குடையப் பிடிக்கிறதா பிறஷப் பிடிக்கிறதா எண்டு ஆகிரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கிரகரி வாவிக்கரையில விடிய புகார் இறங்கினா ஒரு வோஷ், அதான் தண்ணி கூட்டி மெல்லிசாப் பூசுற கலர், காயிறதுக்கு அரை மணித்தியாலம் போனாலும் போகும். வடிவான வாவிதான், 1873ல வெட்டினது, நானும் அதிட கரையில இருந்திருக்கன், ஆனா அதப் பார்க்க ஜனவரிக்குப் பொறகு மார்ச் வரைக்கும் உள்ள காலத்துல போங்க.

ஆகஸ்டுக்கு ஊவாப் பக்கம் போங்க. உங்கட செங்கலடிச் சந்தியிலிருந்தே ரோட்டு நேரா மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை எண்டு பதுளைக்கு ஏறுது, மழையக் கொட்டிப்போட்டு வந்த காத்து அங்கயும் காஞ்சுதான் இருக்கும். பசறையைத் தாண்டினாப் பொறகு நமுனுகுல மலை, 2000 மீற்றருக்கு மேல, தேயிலைச் சரிவுக்கு மேல நீலமா நிக்கும், ஆகஸ்ட் விடியக்காலையில அதிட விளிம்பு கத்தியால வெட்டினமாதிரித் தெரியும். வாவியும் வேணுமெண்டா வரக்குள்ள மகியங்கனை வழியால கிறுகி வாங்க, சொரபொரக் குளத்தடியில ஒரு பின்னேரம் இருக்கலாம், பொறகு பதியத்தலாவை, மகாஓயா எண்டு வீட்டுக்கு வந்திரலாம்.

அடுத்தது உங்கட லிஸ்ட். அஞ்சு இடத்த வெட்டி ரெண்டாக்குங்க. இத நான் கடுமையாச் சொல்றன் எண்டு நினைக்காதீங்க. ஒரு இடத்துக்குப் போய் இறங்கின உடன கண் பார்க்கிறது அந்த இடத்த இல்ல, ஏற்கனவே போஸ்ட் காட்டில பார்த்தத்தான் கண் தேடும். ஒரு மணித்தியாலம் இருந்தாத்தான் அந்தப் போஸ்ட் காட் மெல்ல அழிஞ்சு முன்னால இருக்கிறது தெரியத் தொடங்கும், அப்பதான் நீங்க வேனுக்குள்ள ஏறுவீங்க. பதுளைப் பக்கம் ஒரு தங்குமிடம் எடுத்து, வாசல்ல தெரியிற ஒரே மலைய விடிய ஒருக்கா, பத்து மணிக்கு ஒருக்கா, வெயில் சாயக்குள்ள ஒருக்கா கீறுங்க. மூண்டும் மூண்டு மலையா வரும்.

சாமான் கனக்க வேணாம். பேப்பர்ல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க, 300 ஜிஎஸ்எம் எண்ட தடிச்ச பேப்பர், முடிஞ்சா பருத்தியில செஞ்சது, அத நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒரு பலகையில ஒட்டிட்டுப் போங்க. கலர் ஆறு போதும்: அல்ட்ராமரைன், இன்னொரு பச்சைச் சாயல் நீலம், லெமன் யெலோ, யெலோ ஓக்கர், பேர்ன்ட் சியன்னா, ஒரு சிவப்பு. பிறஷ் ரெண்டு, ஒண்டு பெரிசு. பழைய சாரத்துண்டு ஒண்டு, ரெண்டு போத்தல் தண்ணி, மடிக்கிற கதிரை. குடை கறுப்பா இருக்கட்டும், பூப்போட்ட சிவப்புக் குடையக் கொண்டு போனீங்களெண்டா அதிட நிறம் பேப்பர் முழுக்க விழுந்து நீங்க கலக்கிற ஒரு கலரும் மெய்யா இருக்காது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கீறவும் வேணாம், அதுவும் அதே பிழைதான். மற்றது பேப்பர் வெயில்ல இருக்கக்கூடாது, வெயில்ல வெள்ளைப் பேப்பர் கண்ணக் கூச வச்சு எல்லாத்தையும் கூடுதலா இருட்டாப் போட வைக்கும், வீட்ட கொண்டு வந்து பார்த்தா படம் அழுக்கு மாதிரிக் கிடக்கும்.

கேள்வி: நான் ஓ.எல். சித்திரம் செய்யிறன் சேர். மலை கீறினா எனக்குப் பச்சை உருண்டை மாதிரித்தான் வருகுது, தூரத்துல இருக்கிற மாதிரியே இல்ல. என்ன பிழை?
மாணவன், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, நீ மலைய எடுத்தது கண்ணால இல்ல, மரமெண்டா பச்சை எண்ட நினைப்பால. ஒருக்கா பாலத்தால மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், மேற்கால உள்ள படுவான்கரைக்குப் போ. கொக்கட்டிச்சோலை தாண்டி வட்டைக்குள்ள இறங்கி வரம்புல நிண்டு மேற்கப் பார். கிட்ட உள்ள வயல் ஒரு பச்சை, அதுக்கு அங்கால மருதமரம் நிக்கிற குளக்கட்டு கொஞ்சம் மங்கின பச்சை, அதுக்கும் அங்கால காடு சாம்பல் கலந்த பச்சை, கடைசியா தெரியிற மலை வெறும் நீலம். அந்த மலையிலயும் மரம்தான் நிக்குது, ஆனா பச்சை எங்க போச்சு? இடையில உள்ள காத்து அத மூடிப்போட்டுது. காத்துல உள்ள கண்ணுக்குத் தெரியாத துணிக்கை வெளிச்சத்துல நீலப்பக்கத்தத்தான் கூடுதலாச் சிதற வைக்கும், வானம் நீலமாத் தெரியிறதும் அதே காரணம். மலைக்கும் உனக்கும் இடையில எவ்வளவு காத்து இருக்கோ அவ்வளவுக்கு நீலம் ஏறும், இருட்டு குறையும், விளிம்பு மென்மையாகும்.

அப்ப செய்யிற முறை என்னெண்டா கடைசியில இருந்து தொடங்கு. தூர மலைக்கு அல்ட்ராமரைனோட கொஞ்சூண்டு சிவப்பு, கனக்கத் தண்ணி. அது காஞ்சாப் பொறகு அடுத்த வரிசைக்கு அதே கலவையில கொஞ்சம் பேர்ன்ட் சியன்னா விடு, இப்ப நீலச் சாம்பல் வரும். அதுக்குப் பொறகுதான் மஞ்சள் வரணும். லெமன் யெலோவ முன்னால உள்ள வயலுக்கு மட்டும் வச்சிரு, மலையில அதத் தொடவே தொடாத, நீ மலையில மஞ்சள் தொட்டா மலை ஓடி வந்து உன்ட மடியில இருக்கும்.

இன்னொண்டு, மலைக்கு உருவம் இருக்கு, ஆளுக்கு முகம் இருக்கிற மாதிரி. குடும்பிமலைய வெள்ளைக்காரன் பேரன்ஸ் கெப் எண்டு தொப்பியாக் கண்டான், நம்மட ஆக்கள் முடிஞ்ச குடும்பியாக் கண்டாங்க, 534 மீற்றர்தான் உயரம், ஆனா சுத்திவரத் தரை மட்டமாக் கிடக்கிறதால எங்க நிண்டாலும் அந்தக் குடும்பி பிடிபடும். உன்ட பென்சில் அந்தக் கோட்டுல எங்க செங்குத்தா விழுகுது, எங்க படுக்குது எண்டு பார்த்து ஒரே கோட்டா இழு. அந்தக் கோடு சரியெண்டா உள்ளுக்கு ஒரு வோஷ் விட்டாலே மலை வந்திரும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். கல்லடிப் பாலத்தடியில இருந்து வாவியக் கீறிப் பார்த்தன். தண்ணி தண்ணி மாதிரி வருதில்ல, நீலப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு எண்டு வாப்பாவும் சொல்றாங்க. தண்ணிக்கு என்ன கலர் போடணும்?
வாசகர், காத்தான்குடி

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. வாப்பா சரியாத்தான் பார்த்திருக்காங்க. தண்ணிக்கெண்டு ஒரு கலர் இல்ல, அதுதான் விஷயமே. எனக்கு இந்தக் கேள்வியில ஆசை கூட, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன்.

பாலத்தடியில நிண்டு முதல்ல காலடியப் பாருங்க. அங்க தண்ணிக்குள்ளால மண் தெரியும், பாசி தெரியும், ஒரு மண்ணிறம். மறுகா கண்ண மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு தூரத்துக்குப் போங்க. எங்கயோ ஒரு இடத்துல மண் மறைஞ்சு வானம் தெரியத் தொடங்கும். நேர கீழ பார்த்தா தண்ணி கண்ணாடி ஜன்னல், சரிவாப் பார்த்தா முகம் பார்க்கிற கண்ணாடி. அதனால ஒரே நீலத்த மேலிருந்து கீழ வரைக்கும் இழுத்தீங்களெண்டா பாய்தான் வரும். தூரத்துல வானத்திட கலர், கிட்ட வரவர வானம் குறைஞ்சு அடிமண்ணிட கலர் கூடட்டும், ஈரம் காய முந்தி ரெண்டையும் ஒண்டுக்குள்ள ஒண்டு ஓட விடுங்க.

அடுத்தது நிழலுருவம். கண்டல் மரம் தண்ணியில தலைகீழாத் தெரியிறத அப்பிடியே மேல உள்ளதுட கொப்பியாப் போடக்கூடாது. இருட்டானது தண்ணியில கொஞ்சம் வெளிறித் தெரியும், வெள்ளையானது கொஞ்சம் மங்கித் தெரியும். அதோட பழைய இரும்புப் பாலத்தப் பாருங்க, மேல நீங்க பார்க்கக்குள்ள பக்கவாட்டு இரும்புதான் தெரியும், ஆனா தண்ணியில பாலத்திட அடிவயிறு தெரியும், ஏனெண்டா தண்ணி பார்க்கிறது கீழ இருந்து. இத ஒரு நாள் கண்டுபிடிச்சிட்டீங்களெண்டா பொறகு வாவியப் பார்க்கிற நேரமெல்லாம் அதையே தேடுவீங்க.

காத்து வந்தா இன்னொரு கதை. சின்ன அலை நிழலுருவத்தக் கீழ்நோக்கி இழுத்து நீட்டும், ஒரு தோணிக்காரன் நிக்கிறதிட நிழல் அவன்ட உயரத்த விட நீளமாக் கிடக்கும். இடையில சில இடத்துல காத்து தனியாத் தொட்டு ஒரு வெளிச்சக் கோடு குறுக்கால ஓடும், அந்தக் கோட்டுக்கு மேலயும் கீழயும் நிழல் இருக்கும், கோட்டுக்குள்ள இருக்காது. அந்த ஒரு கோட்டப் பேப்பர்ட வெள்ளையாவே விட்டீங்களெண்டா தண்ணி படுத்திரும், மட்டமாகிரும், படம் முழுக்க மூச்சு விடும். பிறஷ எப்பவும் கிடையா ஓட்டுங்க, நிழலுருவத்துக்கு மட்டும் செங்குத்தா ஒருக்கா இழுத்து விடுங்க.

விடிய வெள்ளண ஆறு மணிக்கு முந்திப் போங்க, காத்து எழும்ப முதல் வாவி பளிங்கு. பாடும்மீன் கேட்குது எண்டு ஆக்கள் பௌர்ணமி இராவுல தோணியில போற இடமும் அந்தப் பாலத்தடிதான், அந்த அமைதியிலதான் தண்ணியும் பிடிபடும்.

கேள்வி: வெளியில கீறக்குள்ள தண்ணி முடிஞ்சா வாவித்தண்ணி, கடல்தண்ணி எடுத்துப் பாவிக்கலாமா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வேணாம் பிள்ளை. வாவித்தண்ணியும் உப்புக் கலந்ததுதான், மழையில்லாத காலத்துல முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தாலும் உப்பு போகாது. உப்பு காத்துல உள்ள ஈரத்த இழுக்கிறது, அதனால படம் வடிவாக் காயாது, மாரியில பேப்பர் நசநசக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பிறஷிட தகரப் பகுதியும் துருப்பிடிச்சிரும். கல்லுப்பு தூவி வடிவம் எடுக்கிற விளையாட்டு வேற, அது வீட்டுல இருந்து ஒருக்காச் செஞ்சு பார்க்கலாம். வெளியில போனா நல்ல தண்ணி கொண்டு போங்க, குடிக்க ஒரு போத்தல், பிறஷ் கழுவ ஒரு போத்தல், ரெண்டுக்கும் வேற வேற மூடி.

கேள்வி: நான் அம்பாறையில வேலை. இங்கினியாகலையில சேனாநாயக்க சமுத்திரம் பக்கத்துல இருக்கிறதால ஞாயிற்றுக்கிழமைகள்ல போய் கீற ஆசை. யானைப் பயம் ஒண்டுதான் தடை.
வாசகர், அம்பாறை

பதில்: பயம் நல்லது தம்பி, அத விட வேணாம். நீங்க கேட்ட இடம் இந்த மாவட்டத்துலயே கீறுறதுக்கு எனக்கு ஆகப் பிடிச்ச இடம். கல்லோயாத் திட்டத்துல அணை கட்டி ஆற மறிச்சதால மலைக்கு இடையில தண்ணி நிரம்பி, முந்தி குன்றா இருந்ததெல்லாம் இப்ப தீவா நிக்குது. மலைநாட்டு வாவியெல்லாம் கரை மட்டும் மலை, இங்க தண்ணிக்கு நடுவுலயும் மலை. 1954ல சுத்திவர உள்ள காட்டத் தேசிய வனமாக்கினாங்க, அந்தத் தீவுக்குத் தீவு யானை நீந்திப் போறத அங்க படகுல போறவங்க இன்னைக்கும் காணுறாங்க.

நீங்க அணைக்கட்டுப் பக்கம், ஆக்கள் நடமாடுற இடத்துல இருந்தே கீறுங்க, காட்டுக்குள்ள போக வேணாம், வனத்துக்குள்ள போறதெண்டா வனஜீவராசிகள் ஆக்களிட்ட டிக்கெட் எடுத்து அவங்களோடதான். விடிய ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நல்லம். பின்னேரம் நாலு மணிக்குப் பொறகு யானை தண்ணிக்கு வாற நேரம், அப்ப உன்னிச்சையா இருந்தாலும் லகுகலையா இருந்தாலும் குளக்கட்டுல தனிய இருக்கக்கூடாது, என்ன வடிவா வானம் சிவந்தாலும் சாமானக் கட்டிக்கொண்டு எழும்பிருங்க. மற்றது முதலை. பிறஷக் கழுவுறதுக்கு நீர்க்கரையில குந்தாதீங்க, தண்ணிய வாளியில அள்ளிக்கொண்டு மேல வாங்க. ஆளொருத்தரக் கூட்டிக்கொண்டு போங்க, அவருக்குக் கீறத் தெரியணுமெண்டு இல்ல, நீங்க பேப்பரப் பார்க்கக்குள்ள அவர் காட்டப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

கேள்வி: சேர், சூரியன் படுற நேரம் கீறத் தொடங்கினா நான் கலர் கலக்கி முடிய முந்தி எல்லாம் மாறிப் போகுது. போன்ல போட்டோ எடுத்து வீட்ட வச்சுக் கீறினா என்ன?
வாசகி, வாழைச்சேனை

பதில்: நம்மட ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, சூரியன் சரிவா இறங்காது, நேர விழும். அதால உங்களுக்குக் கிடைக்கிறது அரை மணித்தியாலம் கூட இல்ல. நீங்க மெதுவான ஆள் எண்டதில்ல பிழை, அந்த நேரத்துல முழுப்படம் செய்யப் பார்க்கிறதுதான் பிழை.

பிரான்சில குளோட் மொனே எண்ட ஓவியர் 1890, 91ல தன்ட வீட்டுக்குப் பக்கத்து வயல்ல நிண்ட வைக்கோல் போரக் கீறினவர். ஒரு கன்வஸ் இல்ல, கனக்க கன்வஸ். வெளிச்சம் மாற மாற முன்னால உள்ளத எடுத்து வச்சிட்டு அடுத்தத எடுப்பார், அடுத்த நாள் அதே வெளிச்சம் வாற நேரம் அந்தக் கன்வஸுக்குத் திரும்பப் போவார். நம்மட சூட்டுப்போரத்தான் கீறினார் பிள்ளை, படுவான்கரையில நாம நெடுகக் காணுற சாமான். பொருள் ஒண்டுதான், அவர் கீறினது வெளிச்சத்த.

இதுல நமக்கு ஒரு பெருமை இருக்கு, நான் வகுப்புல எப்பவும் சொல்றது. நம்மட ஆக்கள் வாவிக்கு இந்தப் பக்கத்துக்கு எழுவான்கரை எண்டு பேர் வச்சாங்க, அந்தப் பக்கத்துக்குப் படுவான்கரை எண்டு வச்சாங்க. சூரியன் எழும்புற கரை, சூரியன் படுற கரை. ஊரையே வெளிச்சத்தால பிரிச்ச சனம் நாம. அப்ப நீங்க எழுவான்கரையில இருந்து பின்னேரம் கீறினா முன்னால உள்ளதெல்லாம் வெளிச்சத்துக்கு எதிர, மரம், தோணி, ஆள் எல்லாம் இருட்டு உருவம், தண்ணி மட்டும் பத்தும். அதே பின்னேரம் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கப் பார்த்து இருந்தீங்களெண்டா வெளிச்சம் உங்கட முதுகுக்குப் பின்னால இருந்து விழுந்து அக்கரைத் தென்னையெல்லாம் செம்பு நிறமாகும், வானம் ஊதாவாகும். அங்க கலர் கூட, இங்க உருவம் கூட. வேலை தொடங்க முந்தி எது வேணுமெண்டு முடிவெடுங்க.

செய்யிற முறை இதுதான். ஒரு மணித்தியாலம் முந்திப் போய் இருங்க. பென்சில் கோடு, மலை, கரை, தோணி எல்லாம் முதல்லயே போட்டு வைங்க, அது மாறாது. கலர் கலவையும் மூண்டு கிண்ணத்துல கரைச்சு வைங்க. நேரம் வந்தா பெரிய பிறஷால வானத்தையும் தண்ணியையும் மட்டும், பத்து நிமிசத்துக்குள்ள, உள்ளங்கை அளவு பேப்பர்ல. முடிஞ்சா நிப்பாட்டுங்க. மாறினதத் துரத்திக்கொண்டு போகாதீங்க, துரத்தினா அஞ்சரை மணி வானமும் ஆறு மணித் தண்ணியும் ஒரே படத்துல இருக்கும், பார்க்கிற ஆளுக்கு என்ன பிழையெண்டு தெரியாது, ஆனா மனம் ஒட்டாது. பேப்பரத் திருப்பி பின்னால திகதி, நேரம், காத்து எந்தப் பக்கம் எண்டு எழுதுங்க. இங்கிலாந்துல ஜோன் கொன்ஸ்டபிள் 1821லயும் 22லயும் முகிலக் கீறக்குள்ள இப்பிடித்தான் எழுதி வச்சவர். நீங்க சோளகம், கச்சான், வாடை எண்டு எழுதுங்க, ஒரு வருசத்துல உங்களிட்ட இந்த ஊர் வானத்துக்கு ஒரு கணக்குப் புத்தகமே இருக்கும்.

போட்டோ எடுங்க, ஆனா அதுல இருந்து கலர் எடுக்க வேணாம். போன் நிழலையெல்லாம் கறுப்பாக்கிரும், அகல லென்ஸ் தூர மலைய நசுக்கிச் சின்னதாக்கிரும். தோணியிட அணியம் எப்பிடி வளையுது, பாலத்துல எத்தனை தூண் எண்டு பார்க்கிறதுக்கு மட்டும் அது உதவி. கலர அந்தச் சின்னப் பேப்பரிட்டக் கேளுங்க.

கேள்வி: பயணத்துல ஓயில் பெயின்ற் நல்லமா, அக்ரிலிக் நல்லமா?
வாசகர், கல்முனை

பதில்: கச்சான் காலத்துல வெளியில அக்ரிலிக் எண்டா பலட்டுலயே தோல் பிடிச்சிரும், ஈரத்துணி விரிச்சு அதுக்கு மேல ஒயில் பேப்பர் வச்சுக் கலரப் போட்டுக்கொண்டா கொஞ்சம் தாங்கும். ஓயில் பெயின்ற் வெளியில கொண்டு போகக்கூடிய சாமானானதே 1841ல அமெரிக்க ஓவியர் ஜோன் ரான்ட் தகர டியூப் கண்டுபிடிச்சாப் பொறகுதான், அதுக்கு முந்தி பண்டியிட சிறுநீர்ப்பையில அடைச்சு வச்சவங்க, ஓவியர்மார் கூட்டமா வயலுக்கும் ஆத்தங்கரைக்கும் வெளிக்கிட்டது அந்த டியூபுக்குப் பொறகு. ஆனா பஸ்ஸுல, வேனுல டேர்பன்டைன் கொண்டு போறது எனக்குப் பிடிக்காது, லின்சீட் எண்ணெய் தோய்ஞ்ச துணியக் குவிச்சு வச்சா தானா சூடாகிப் பத்தவும் கூடும், அத விரிச்சுக் காய விட்டுத்தான் எறியணும். ஈரமான கன்வஸ வீட்ட கொண்டு வாறதும் பெரிய பாடு. பயணத்துக்கு வோட்டர் கலர், வீட்ட வந்து பெரிசாச் செய்ய ஓயில். கரையோரத்துல தொடங்குறவங்களுக்கு என்ட விடை இதுதான்.

கேள்வி: எனக்கு வெளியில இருந்து கீற ஆசைதான், ஆனா பொம்புளப் பிள்ளை தனிய ரோட்டோரம் இருந்து கீறினா ஆக்கள் கூடிருவாங்க, கதைப்பாங்க. வெட்கமா இருக்கு சேர். என்ன செய்யலாம்?
வாசகி, திருக்கோவில்

பதில்: மகள், இந்தக் கடிதத்த நான் ரெண்டு தரம் வாசிச்சன். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த ஒரு காரணத்தால வீட்டுக்குள்ளயே பூச்சாடியக் கீறிக்கொண்டு இருந்து பொறகு பிறஷையும் வச்சிட்டுதுகள் எண்டு எனக்குத் தெரியும், அது எனக்குச் சரியான கவலை.

தனிய போகாதீங்க, மூண்டு நாலு பேராப் போங்க, ஒரே குடைக்குக் கீழ இல்லாட்டியும் பார்வைக்குள்ள இருங்க. கோயில் வீதியில தொடங்கலாம், விடியப்புறம் கடற்கரைப் பக்கம் கோயிலுக்கு வந்த மாதிரி வந்து இருந்து கீறலாம், அங்க ஒருத்தரும் ஏன் வந்த எண்டு கேட்கமாட்டாங்க. முதுக ஒரு சுவருக்கோ மரத்துக்கோ கொடுத்து இருங்க, பின்னால ஆள் நிண்டு எட்டிப் பார்க்கிறதுதான் கையக் கூச வைக்கிறது. சின்னப் பிள்ளைகள் வந்தா ஒரு துண்டுப் பேப்பரும் பென்சிலும் குடுங்க, அதுகளும் இருந்து கீறும், பொறகு வாற பெரியாக்களுக்கு இது ஏதோ வகுப்பு எண்ட எண்ணம் வந்து ஒதுங்கிப் போவாங்க. ஒருக்கா நான் ஒரு மீன்வாடிக்குப் பக்கத்துல இருந்து கீறக்குள்ள ஒரு வயசான அம்மா வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டு, “தோணி இப்பிடி ஆழமா இருக்காது தம்பி, மீன் இறக்கியாச்சு, வெறுந்தோணி மேல நிக்கும்” எண்டு சொல்லிட்டுப் போனா. பார்த்தா மெய்தான். பார்க்க வாற சனத்துக்கு அந்த இடத்த உங்கள விட வடிவாத் தெரியும், அவங்களிட்டக் கேட்கலாம்.

கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்திட சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, அங்க சித்திரம் படிக்கிற பிள்ளைகளோட தொடர்பு எடுத்துப் பாருங்க, கூட்டமாப் போறதுக்கு நல்ல துணை கிடைக்கும்.

கேள்வி: எனக்கு 61 வயசு. சின்ன வயசுல சித்திரத்துல பரிசெல்லாம் எடுத்தன். பொறகு பிரச்சினைக் காலம், பாலத்தக் கடந்து மறுகரைக்குப் போறதே பெரிய விஷயம், பென்சில் பிடிச்சுக்கொண்டு வெட்டையில இருக்கிறதப் பத்தி யோசிக்கவே ஏலாது. பொறந்து வளர்ந்த நாள் தொடக்கம் குடும்பிமலையத் தூரத்துல இருந்துதான் பார்த்தன். இனித் தொடங்கலாமா?
வாசகர், ஆரையம்பதி

பதில்: அண்ணன், தொடங்குங்க. உங்கட கடிதத்துல எழுதினது என்ட கதையும்தான். கொப்பியோட ஒரு மனிசன் குளக்கட்டுல குந்தி இருந்தா, என்ன கீறுற, யாருக்குக் கீறுற எண்டு கேள்வி வந்த காலம் அது. அந்த வருசங்கள்ல நாம கீறாம விட்ட வாவி, கீறாம விட்ட மலை எல்லாம் இன்னும் அங்கதான் கிடக்கு.

ஐவன் பீரிஸ் எண்ட ஓவியர், 1943ல கொழும்புல நம்ம நாட்டு ஓவியர்மார் சேர்ந்து அமைச்ச 43ம் குழுவத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், 1953ல இங்கிலாந்துக்குப் போய் அங்கயே இருந்தவர், அங்க இருந்துகொண்டு வருசக்கணக்கா தான் சின்ன வயசுல பார்த்த தெஹிவளைக் கடற்கரையத்தான் திரும்பத் திரும்பக் கீறினவர். நெஞ்சுக்குள்ள கிடக்கிற இடம் அழியிறதில்ல அண்ணன். உங்களுக்கு அந்த மலை இவ்வளவு காலமாத் தூரத்துல நீலமா நிண்டிருக்கு, அந்த நீலம் உங்கட கையில இருக்கு.

முதல் பயணத்துக்குப் பெரிசா ஒண்டும் வேணாம். ஏற நினைக்காதீங்க, வெயில் கூட, பாதையத் தெரிஞ்ச ஊர் ஆக்கள் இல்லாம காட்டுப் பக்கம் இறங்கவும் வேணாம். கிரான் பாலத்தால போய் ரோட்டோரம் மலை முழுசாத் தெரியிற இடத்துல ஒரு மரநிழல் பாருங்க. மார்ச் மாதம் நல்லம், மாரி முடிஞ்சு காத்து கழுவின மாதிரி இருக்கும், வட்டையிலயும் பச்சை இருக்கும். வீட்டுல இருந்து அஞ்சு மணிக்கு வெளிக்கிடுங்க, கிழக்கால வாற வெயில் மலையிட முகத்துல நேர விழும், எட்டரை மணிக்குள்ள நிழல் எல்லாம் வடிவாத் தெரியும், பொறகு தட்டையாகிரும். பழைய கொப்பி ஒண்டு, 4பி பென்சில் ஒண்டு, ஃபிளாஸ்க்குல தேத்தண்ணி. முதல் நாள் கலர் வேணாம், அந்தக் குடும்பியிட கோட்ட மட்டும் பத்துத் தரம் இழுங்க. இழுத்தத இந்தப் பகுதிக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுவம்.